அண்ணிக்கு முளைத்த மீசை

போன வாரம் மாடிப்படியின் நடுவில் விட்டுவிட்டு வந்த கம்ப்யூட்டரை முதலில் அறைக்குள் கொண்டுபோய் வைத்துவிடுவோம். இல்லாவிட்டால் விஞ்ஞானி அதைத் தூக்கிக்கொண்டு இன்னும் ஒரு வாரம் ஒற்றைக் காலில் நிற்பான். நிற்கிற நேரம் முழுவதும் எடை ஏன் கீழ்நோக்கி இழுக்கிறது என்று பாடம் வேறு நடத்துவான்.

விஞ்ஞானி என்றதும் ஆராய்ச்சிக்கூடத்தில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறவன் என்று புதிதாக வந்தவர்கள் நினைத்துவிட வேண்டாம். நம் பெரியவளின் கொழுந்தன் அவன். நகல் எடுக்கிற மெஷின் விற்கும் கடையில் வேலை. எந்த வீட்டில் பல்பு எரியாவிட்டாலும் இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்து, "வோல்டேஜ் பத்தலை" என்பான். பல்பைக் கழற்றிப் பார்ப்பது அவன் தகுதிக்குக் குறைவு. விஞ்ஞானி என்று முதலில் கூப்பிட்டவள் பெரியவள்தான். வயிறெரிந்து கூப்பிட்டாள். அவன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, அன்று முதல் சட்டைப் பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரைச் செருகிக்கொண்டான். அது இன்றுவரை எந்தத் திருகையும் தொட்டதில்லை.

பெரியவள் கண்ணாடிக்கடையில் பார்வை அளந்து லென்ஸ் பொருத்துகிறவள். நாற்பதைத் தாண்டியவள். புருஷன் கப்பலில் சமையல்காரர். ஏதோ ஒரு கடலில் யாருக்கோ வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறார். இந்த வயதில் அவளுக்குப் படிப்பு எதற்கு என்றால், மேனேஜர் நாற்காலிக்கு.

கடைக்கு வந்த புது முதலாளி அந்த நாற்காலி பட்டதாரிக்குத்தான் என்று சொல்லிவிட்டார். இப்போது அதில் ஒரு பட்டதாரி உட்கார்ந்திருக்கிறான். தூரத்தில் இருப்பது தெரியவில்லை என்று வந்த பெரியவர் ஒருவருக்குப் பேப்பர் படிக்கிற கண்ணாடியை மாட்டிவிட்டு, "போகப் போகப் பழகிடும் சார்" என்று வாசல்வரை கைபிடித்து வழியனுப்பியவன் அவன். அந்தப் பெரியவர் எதிர்ச்சாரியில் இருந்த சலூனுக்குள் நுழைந்து, தன் வீடு என்று நினைத்துச் சட்டையைக் கழற்றி மாட்டியதாகக் கேள்வி.

அவன் சீக்கிரம் வேறு கிளைக்குப் போகிறான். இணையவழிப் பட்டப்படிப்பில் பெரியவள் முதல் வருஷம் தேறிவிட்டால் நாற்காலி அவளுக்கு, மிச்ச வருஷங்களை உட்கார்ந்துகொண்டே படித்து முடிக்கலாம் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருக்கிறார். தேறாவிட்டால் இன்னொரு போகப்போகப்பழகிடும் வருவான். அவனுக்கும் அவள் 'சரிங்க சார்' போட வேண்டும்.

மற்ற தாள்களை எல்லாம் வீட்டில் எழுதி அனுப்பித் தேறிவிட்டாள். மிச்சம் இருப்பது ஒரே தாள். அது கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து எழுதுகிற தாள். இன்று காலை.

அந்த ஒரு தாளுக்குக் கல்லூரி அனுப்பிய நிபந்தனைகள் இருக்கின்றனவே, அவை கண்ணாடிக்கடைப் பெண்ணுக்காக எழுதியவை போலவே இல்லை. நிலாவுக்கு ஆள் அனுப்புகிறவர்களுக்கு எழுதியதை முகவரி மாற்றிப் போட்டுவிட்டார்கள் போலிருந்தது. பிராசசர் இந்த வேகத்துக்குக் குறையக் கூடாது. இன்டர்நெட் இறங்குகிற வேகம் இவ்வளவு, ஏறுகிற வேகம் இவ்வளவு. அது எதற்கு ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது என்று யாரும் விளக்கவில்லை. வைஃபை ஆகாது, வயர்தான். போன் ஆகாது. தனியாகக் கழற்றிச் சுற்றிக்காட்டக்கூடிய கேமரா வேண்டும். சுவரில் எழுத்து இருக்கக் கூடாது. கதவு சாத்தியிருக்க வேண்டும். உள்ளே வேறு மனித முகம் தெரியக் கூடாது. வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகில் விழக் கூடாது. பரீட்சை எழுதுகிறவருக்கு மூளை இருக்க வேண்டும் என்று மட்டும் எந்த இடத்திலும் சொல்லவில்லை.

"அதெல்லாம் மெஷினே பாத்துக்கும் அண்ணி" என்றான் விஞ்ஞானி.

பாடம் படிக்க அவளுக்குப் பழைய லேப்டாப் போதுமாக இருந்தது. பரீட்சைக்கு அது ஆகாது என்று சொல்லி அவன்தான் கடையிலிருந்து இந்த ராட்சசனை இரவலாகக் கொண்டுவந்தான். முடுக்கியதும் அது உறுமிய உறுமலில் பக்கத்து வீட்டார் ஜன்னலைச் சாத்தினார்கள், மழை வருகிறதாம்.

இன்று விடிந்ததிலிருந்து விஞ்ஞானியின் ராஜ்யம். கீழே கூடத்தில் இருந்த ரவுட்டரிலிருந்து வயரை இழுத்துச் சமையலறை வழியாக, படிக்கட்டுக் கைப்பிடியைச் சுற்றி, குளியலறைக் கதவுக்கு அடியில் நுழைத்து, மாடி அறைக்குக் கொண்டுபோனான். நேரே படியேறினால் பத்து எட்டில் முடிந்திருக்கும். ஆனால் அது சாதாரண மனிதர்கள் போகிற வழி. வீட்டில் இருந்த எல்லாப் போன்களையும் பிடுங்கி ஒரு வாளியில் போட்டான். டிவியை அணைத்தான். அது போதாதென்று பிரிட்ஜின் சுவிட்சையும் அணைத்தான்.

"டேய், பிரிட்ஜுக்கும் இன்டர்நெட்டுக்கும் என்னடா சம்பந்தம்?" என்று மாமியார் கேட்டார்.

"லோடு குறையும்மா."

"எந்த லோடு?"

"சொன்னா உனக்குப் புரியாது."

"உனக்குப் புரிஞ்சிருந்தா எனக்குச் சொல்லத் தெரிஞ்சிருக்குமேடா" என்று சொல்லிவிட்டு அவர் சுவிட்சை மறுபடி போட்டார். அவன் அணைத்தான். அவர் போட்டார். பிரிட்ஜுக்கே தலை சுற்றியிருக்கும்.

பெரியவள் இதையெல்லாம் படியில் நின்று பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். ராத்திரியெல்லாம் படித்தது தலைக்குள் தளும்பிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் சிந்திவிடும்.

மாடி அறையில் கட்டிலை நிமிர்த்திச் சுவரோடு சாய்த்திருந்தார்கள். நாள்காட்டியைக் கழற்றிவிட்டார்கள். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, அந்த ராட்சசன், அவ்வளவுதான். நாற்காலியில் விஞ்ஞானி உட்கார்ந்திருந்தான்.

இந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. கம்ப்யூட்டர் என்று பெயர் கொண்ட எதன் முன்னாலும் முதலில் விஞ்ஞானிதான் உட்கார வேண்டும். அவன் 'ரெடி' என்று சொல்லி எழுந்த பிறகுதான் மற்றவர்கள். டிவி ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டாலும் அவன் கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தாக வேண்டும். யார் போட்ட சட்டம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அவன் இல்லாதபோது தொட்டு ஏதாவது ஆகிவிட்டால், சாகிறவரைக்கும் சொல்லிக்காட்டுவானே என்ற பயம்தான் நாளடைவில் சட்டமாகிவிட்டது.

"ரெடி" என்று எழுந்தான்.

பெரியவள் உட்கார்ந்தாள். நாற்காலி சூடாக இருந்தது. அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை. பெயரை அடித்தாள். பாஸ்வேர்டை அடித்தாள். பாஸ்வேர்டு அவன் பெயர்தான். வேறு எதை வைப்பான்.

கேமரா அவள் முகத்தைப் பார்த்தது. ஒரு வட்டம் சுற்றியது. திரை சிவந்தது.

'பதிவில் உள்ள முகத்துடன் உங்கள் முகம் பொருந்தவில்லை.'

"வெளிச்சம் பத்தலை" என்றான் விஞ்ஞானி, பின்னாலிருந்து.

விளக்கைத் திருப்பினார்கள். மறுபடி வட்டம். மறுபடி சிவப்பு.

"தலைமுடியை ஒதுக்குங்க அண்ணி."

ஒதுக்கினாள். சிவப்பு.

"நெட்டு வீக்கா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவன் கதவுப் பக்கம் நகர்ந்தான். அந்த நகர்வு அவளுக்குப் பிடிபட்டது. கடையில் கண்ணாடியை உடைத்துவிட்டு வேறு கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி நழுவுகிறவர்களை அவள் தினம் பார்க்கிறாள்.

திரையின் ஓரத்தில், 'பதிவில் உள்ள படத்தைக் காண்க' என்று ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. அழுத்தினாள்.

படம் வந்தது. வாய் பாதி திறந்து, ஒரு புருவம் மேலே ஏறி, அடர்த்தியான மீசையோடு விஞ்ஞானி. கீழே கொட்டை எழுத்தில் பெரியவளின் பெயர், பாலினம் பெண், கடவுளே, பிறந்த தேதி உட்பட எல்லாம் சரி.

பெரியவள் திரையில் இருந்த மீசையின் மேல் விரலை வைத்தாள்.

"தம்பி, இது யாரு?"

"அது வந்து அண்ணி, டெஸ்டிங்."

"என்ன டெஸ்டிங்?"

"அன்னிக்கு முகப் பதிவு போட்டோம்ல. கேமரா வேலை செய்யுதான்னு முதல்ல நான் உக்காந்து பாத்தேன். நேரா பாருங்கன்னு சொல்லிச்சு. பாத்தேன். அது எடுத்துக்கிச்சு."

"அது எடுத்துக்கிச்சு."

"ஆமா, அவசரப்பட்டுருச்சு. புரோகிராம் சரியில்ல."

"உனக்கு இது எப்ப தெரியும்?"

அவன் ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "அப்பவே தெரியும். பதிவு முடிஞ்சுதுன்னு உங்ககிட்ட சொல்லிட்டேன். தானா அப்டேட் ஆயிடும்னு நினைச்சேன்."

"ஆகும், ஆகும். என் முகத்தைப் பாத்து அதுவா வெக்கப்பட்டு உன் மீசையைச் சிரைச்சுக்கும்னு நினைச்சியாக்கும்."

சத்தம் கேட்டுச் சின்னவள் மேலே வந்தாள். விஞ்ஞானியின் மனைவி. மருந்து கம்பெனியில் மாத்திரை எண்ணி அடைக்கிற பிரிவில் வேலை. அரை மாத்திரை குறைந்தாலும் தூக்கம் வராத பெண். திரையைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

அவள் பின்னாலேயே மாமியார். அவருக்கு அடக்குகிற வழக்கமே கிடையாது.

"பெரியவளே, மீசை உனக்குப் பாந்தமாத்தான் இருக்கு" என்றார். "என் மூத்த பிள்ளை கப்பலை விட்டு இறங்கி வந்தா அடையாளம் தெரியாம திரும்பி ஓடிருவான்."

பெரியவள் சிரிக்கவில்லை. திரையின் மேல்மூலையில் நேரம் குறைந்துகொண்டிருந்தது. பரீட்சை வாசல் இன்னும் அரை மணியில் மூடிவிடும். மூடினால் இந்தத் தாள் அடுத்த வருஷம்தான்; நாற்காலியோ அதுவரை காத்திருக்காது.

"இதுக்கு வழி இருக்கு" என்றான் விஞ்ஞானி. தப்பு செய்த மனிதன் தலை குனிவான். இவனுக்குத் தலை குனிகிற மூட்டே வைத்துப் படைக்கவில்லை. "சிம்பிள். மெஷினுக்கு என் முகம்தானே வேணும்? நான் உக்காந்துக்கறேன். நீங்க மேஜைக்கு அடியில உக்காந்து பதிலை மெதுவாச் சொல்லுங்க."

"மேஜைக்கு அடியில."

"தலகாணி போட்டுத் தரேன்."

"எதுக்குத் தம்பி சிரமம்? நீயே எழுதிடேன், உனக்குத் தெரியாததா?"

கேலி புரியாமல் அவன் முகம் மலர்ந்தது. "எழுதலாம்தான். டச் விட்டுப் போச்சு."

"நீ எழுதினா நான் அடுத்த ஜென்மத்துலதான் பாஸ் பண்ணுவேன், அதுவும் மீசையோட. தள்ளு."

அவள் உதவி என்ற பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு சின்னக் கட்டம் திறந்து, அதில் கல்லூரியின் மேற்பார்வைப் பெண் தோன்றினாள். பயங்கர ஜலதோஷம். காலையிலிருந்து நூறு பேருடைய அறைகளைக் கேமரா வழியாகச் சுற்றிப் பார்த்து அலுத்துப்போன கண்கள்.

"சொல்லுங்க மேடம்."

பெரியவள் சொன்னாள். மேற்பார்வைப் பெண் பதிவைத் திறந்து பார்த்தாள். மூக்கைத் துடைக்கப் போன கை பாதியில் நின்றது.

"இது யாரு மேடம்?"

"என் கொழுந்தன்."

"உங்களுக்குப் பதிலா பரீட்சை எழுத வந்தவரா?"

"அவ்வளவு துப்பு இருந்தா நான் ஏம்மா கவலைப்படறேன்? உதவி பண்ண வந்தவரு."

"மேடம், ஒருத்தர் பேருல இன்னொருத்தர் முகம் இருந்தா அதை ஆள்மாறாட்டம்னுதான் நாங்க எடுத்துக்குவோம். மாத்தணும்னா ஒரே வழிதான். அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் இப்ப நேர்ல கேமரா முன்னால வரணும். தான் யாரு, இந்தப் பதிவுல தன் முகம் எப்படி வந்துச்சுன்னு தன் வாயால சொல்லணும். தப்பு தன்னோடதுன்னு ஒத்துக்கணும். நாங்க பதிவு பண்ணி, அவர் முகத்தை எங்ககிட்ட இருக்கற எல்லா முகத்தோடயும் ஒத்துப் பாப்போம். அப்புறம் உங்க முகத்தைப் போட்டுடலாம்."

எல்லோரும் விஞ்ஞானியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறந்ததிலிருந்து அவன் வாயில் 'தப்பு என்னோடது' என்ற சொற்கள் வந்ததில்லை. தவழும் வயதில் பால் டம்ளரைத் தட்டிவிட்டபோதே தரையைத்தான் முறைத்தானாம். தன் கல்யாணத்துக்கே தாமதமாக வந்து, முகூர்த்த நேரத்தைச் சரியாகக் குறிக்கவில்லை என்று சண்டை போட்டவன்.

இப்போது அவன் முகத்தில் ரத்தம் இல்லை.

"அதெல்லாம் முடியாது" என்றான்.

"என்ன முடியாது?"

"ரெக்கார்டு பண்றாங்க அண்ணி. அது எங்கெங்க போகுமோ. எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. வேற வழி பாக்கலாம். நான் அவங்க மேலிடத்துக்கு ஒரு மெயில் போடறேன்."

"வாசல் மூடப்போகுதுடா" என்றார் மாமியார்.

"மூடட்டும்மா. ஒரு வருஷம்தானே. அண்ணி இன்னும் நல்லாப் படிச்சுக்கலாம்."

பெரியவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"தம்பி, இத்தனை வருஷமா இந்த வீட்டுல நீ தொட்டது எதுவும் உருப்பட்டதில்ல. மிக்சி, கீஸர், உங்கம்மாவோட காது மெஷின், எதுவும். ஒவ்வொரு தடவையும் நாங்க பேசாம வேற ஆளைக் கூட்டிட்டு வந்து சரிபண்ணிட்டு, நீதான் சரிபண்ணினேன்னு உன்கிட்டயே சொன்னோம். எதுக்கு? நீ பாவம்னு. இந்த ஒண்ணை மட்டும் வேற ஆள் வந்து சரிபண்ண முடியாது. உன் முகம்தான் வேணுமாம். உன் மூஞ்சிக்கு முதல் தடவையா ஒரு வேலை வந்திருக்கு. அதையாவது செய்யேன்."

சின்னவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். அவளுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை.

"போய் உக்காருங்க" என்றாள் புருஷனிடம். "பட்டதாரி மாப்பிள்ளை, படிச்சவரு, நாலு பேர் முன்னால நிமிர்ந்து பேசுவாருன்னு நம்பித்தானே எங்கப்பா கட்டிக் கொடுத்தாரு. ஒரு வரி பேசறதுக்கு இப்படி நடுங்கறீங்க."

"உனக்குத் தெரியாதும்மா."

"என்ன தெரியாது?"

அவன் மனைவியின் முகத்தை ஒரு தரம் பார்த்தான். பிறகு அண்ணியை. மருத்துவர் முன்னால் உட்காரப்போகிறவனைப் போல மெதுவாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"சொல்லுங்க சார்" என்றாள் மேற்பார்வைப் பெண்.

தொண்டையைச் செருமிக்கொண்டான். "சில தொழில்நுட்பக் காரணங்களால், மென்பொருளின் எதிர்பாராத நடவடிக்கை காரணமாக..."

"சார், நாற்காலியில யாரு உக்காந்தது?"

"அந்தச் சமயத்துல கேமரா..."

"கேமரா உக்காந்துச்சா சார்?"

மாமியார் பக்கென்று சிரித்தார். ஜலதோஷக்காரியை அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது.

விஞ்ஞானி கண்ணை மூடித் திறந்தான். "நான்தான் உக்காந்தேன்."

"எதுக்கு உக்காந்தீங்க?"

"எப்பவும் நான்தான் முதல்ல உக்காருவேன்."

"ஏன் சார்?"

இந்தக் கேள்வியை அந்த வீட்டில் யாரும் கேட்டதே இல்லை. அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. பழக்கமில்லாத வேலை, வலித்திருக்கும்.

"தெரியல" என்றான். "தப்பு என்னோடது. எங்க அண்ணிக்கு இதுல சம்பந்தமில்ல. அவங்க நல்லாப் படிக்கறவங்க. அவங்களை எழுத விடுங்க."

மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டார். இனி இந்த வீட்டில் கோழி பேசினால்கூட அவர் ஆச்சரியப்படப் போவதில்லை.

"நேரா பாருங்க சார்." கேமரா அவன் முகத்தை எடுத்தது. வட்டம் சுற்றியது. மற்ற எல்லா வட்டத்தையும்விட இது அதிக நேரம் சுற்றியது. மேற்பார்வைப் பெண் தன் திரையில் எதையோ படித்தாள். படித்ததை இன்னொரு முறை படித்தாள்.

"சரி. நீங்க எல்லாரும் வெளில போங்க. மேடம் மட்டும் இருக்கட்டும். கதவைச் சாத்திடுங்க."

விஞ்ஞானி எழுந்தான். போகும்போது வயர் தடுக்கியது, அதைக்கூடத் திட்டவில்லை.

கதவைச் சாத்தினார்கள். பெரியவள் கேமராவைக் கழற்றி அறையைச் சுற்றிக் காட்டினாள். நான்கு சுவர். நிமிர்ந்து நின்ற கட்டில். மேஜையின் அடிப்பக்கம். பிறகு கேமரா அவள் முகத்தைப் பார்த்தது. திரை பச்சையானது. மீசை போனது, பெயருக்கு மேல் அவள் முகமே வந்து உட்கார்ந்தது. தூக்கமில்லாத, கோபமான முகம். இருந்தாலும் அவளுடையது.

"மேடம், சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கறீங்களா? நீங்க மட்டும் கேட்டாப் போதும்."

குறைத்தாள். தன் குரலையும் தாழ்த்திக்கொண்டாள்.

"ஆள்மாறாட்டமான்னு முடிவு பண்ணி நான் எழுதியாகணும். அதனால கேக்கறேன். உங்க கொழுந்தன் முகம் இன்னொரு பதிவுலயும் இருக்கு. அவரோட சொந்தப் பதிவுல. அவர் எங்க மாணவர். இது உங்களுக்குத் தெரியுமா?"

"இங்கேயா படிச்சான்? தெரியாது. அவன் பட்டதாரின்னு தெரியும். எந்தக் காலேஜ்னு கேட்டா பேச்சை மாத்துவான்."

மேற்பார்வைப் பெண் மூக்கை உறிஞ்சினாள்.

"பட்டம் வாங்கினவரா இருந்தா எங்க மாணவர்னு சொல்ல மாட்டேன் மேடம். கல்யாணத்துக்கு முன்னால சேர்ந்திருக்காரு. ஒவ்வொரு தடவையும் முதல் வருஷத்துல இதே தாளுக்குப் பேர் கொடுக்கறாரு. கேமரா முன்னால வந்து உக்காரறாரு. பாதியில எழுந்து போயிடறாரு. போன தடவை வரைக்கும் அப்படித்தான்."

பெரியவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிரிக்க வேண்டிய நேரம். இத்தனை வருஷத்து மிக்சிக்கும் கீஸருக்கும் சேர்த்து, வயிறு குலுங்கச் சிரித்திருக்கலாம். சின்னவளின் அப்பாவை ஊரிலிருந்து வரவழைத்து, கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, எல்லாரும் சேர்ந்தே சிரித்திருக்கலாம். சிரிப்பு தொண்டைவரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

எல்லா முகத்தோடும் ஒத்துப் பார்ப்போம் என்று இவள் சொன்னபோதே அவனுக்குத் தெரிந்திருக்கும். அந்த ரத்தமில்லாத முகம் மரியாதைக்காகப் பயந்த முகம் இல்லை. தெரிந்தும் வந்து உட்கார்ந்தான். உட்கார்ந்து, அவங்களை எழுத விடுங்க என்றான்.

அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. முழு மூச்சாக வெறுப்பதற்கு லட்டு மாதிரி ஒரு ஆளை வைத்திருந்தாள். அதிலும் ஓட்டை போட்டுவிட்டான். எதைத் தொட்டாலும் உருப்பட விட மாட்டானே, பாவி.

"ஆள்மாறாட்டம் இல்லைம்மா" என்றாள். "அப்படியே எழுதிக்கோ. அவன் டெஸ்ட் பண்ண உக்காந்தவன்தான்."

"சரி மேடம்." அவள் எழுதிக்கொண்டாள்.

கதவுக்கு வெளியே சின்னவளின் குரல் வந்தது. "அக்கா, ஆயிடுச்சா? இவரு ஏன் இப்படி வேர்த்துப் போய் நிக்கறாரு? உள்ள வேற என்ன கேட்டாங்க?"

அதைத் தொடர்ந்து விஞ்ஞானியின் குரல். குரலா அது, காற்றுப் போன டயர். "அண்ணி?"

"ஆரம்பிக்கலாமா மேடம்?" என்றாள் மேற்பார்வைப் பெண். "ஆரம்பிச்சா முடியற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது. திறந்தா தாள் செல்லாது. வெளில இருக்கறவங்ககிட்ட ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்க."

பெரியவள் கதவைப் பார்த்தாள். கதவுக்கு அடியில் இரண்டு ஜோடிக் கால்களின் நிழல். ஒரு ஜோடி பொறுமையில்லாமல் மாறி மாறி நின்றது. இன்னொன்று அசையவே இல்லை.

"என் முகம் வந்துடுச்சு" என்றாள் சத்தமாக. பிறகு ஒரு மூச்சு விட்டுச் சொன்னாள்: "சின்னவளே, தம்பியை எங்கேயும் போக விடாதே. எழுதி முடிச்சுட்டு வரேன். அவன்கிட்டப் பேச வேண்டியது இருக்கு. தனியா."

"எதுக்குக்கா தனியா?"

ஆரம்பிக்கலாம் என்று பெரியவள் கேமராவைப் பார்த்துத் தலையசைத்தாள். மேற்பார்வைப் பெண்ணின் கட்டம் ஓரத்துக்குச் சுருங்கியது. முதல் கேள்வி திரையில் வந்து நின்றது.

"எதுக்குக்கா?" என்று சின்னவள் மறுபடி கேட்டாள். கொஞ்சம் கழித்து அதே கேள்வியை அவள் வேறு பக்கம் திரும்பிக் கேட்பது கேட்டது.

"எதுக்குங்க தனியா?"

மாடிப்படியில் யாரோ பொத்தென்று உட்கார்ந்தார்கள்.